மதத்தை விட்டவரை மதம் விடவில்லை!

"தாங்கள் எந்த மதம்?"

பள்ளியிலே பிள்ளையைச் சேர்க்கப் போனால் கேட்கிறார்கள். குடியிருக்க வீடு கேட்டால், வாடகை எவ்வளவு என்று சொல்லுமுன்னே கேட்கிறார்கள். செத்த பிறகாவது விடுகிறார்களா? புதைப்பதா, எரிப்பதா, எந்தச் சுடுகாட்டிலே என்று பிணத்தைச் சுற்றி நின்றுகொண்டு கேட்கிறார்கள்! "கடவுளிடம் எனக்கு அன்பு உண்டு, மதம் எதிலும் நான் இல்லை" என்று ஒருவன் சொல்லிப் பார்க்கட்டும். கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்ப்பார். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கிலே, மதம் இன்னதென்று குறிக்காதவர் இந்தியா முழுவதிலும் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். பெரிய தொகையாகத் தெரிகிறதல்லவா? 121 கோடியிலே அது நானூறு பேருக்கு ஒருவர்!

ஆனால் பேச்சிலே மட்டும் இப்போது இது நாகரிகமாகிவிட்டது. "நமக்கு மதமெல்லாம் கிடையாது சார், ஆன்மிகம் மட்டும்தான்" என்கிறார் காரிலிருந்து இறங்கும் கனவான். கண்ணை மூடி உட்காரக் கற்றுத் தருவதற்கு ஒரு கட்டணம். மூச்சை இழுத்து விடுவதற்கு ஒரு கட்டணம். மௌனமாக இருப்பதற்கும் கட்டணம்! இழுக்க மூச்சும், மூட இமையும் இலவசமாகக் கிடைத்த ஏழைக்கு அந்த வாசலிலே வேலை இல்லை. அந்தக் கனவான், மகளுக்கு மாப்பிள்ளை தேடும்போது மட்டும் மதத்தையும் சாதியையும் உட்பிரிவையும் ஒன்றுவிடாமல் விசாரிப்பார். அவரோடு நமக்கு வழக்கில்லை. மதத்தை விட்டுவிட்டேன் என்று மெய்யாகவே சொன்ன ஒருவருக்கு இந்த நாட்டிலே என்ன நேர்ந்தது என்பதைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம். அவர் வடலூர் இராமலிங்கர். வள்ளலார் என்று நாடு அழைக்கும் பெரியார்.

1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரிலே பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். சென்னை ஏழுகிணறு வட்டாரத்திலே, அண்ணன் ஆதரவிலே வளர்ந்தவர். பிறந்த நாள் முதலே மதத்தைப் பகைத்தவர் என்று நாம் கதை கட்ட வரவில்லை, தோழர்களே! கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். நடையாய் நடந்து திருவொற்றியூர் போனார். தில்லையைப் பாடிப் பாடி உருகினார். சைவப் பயிரின் நடுவிலே முளைத்த சைவக் கதிர்தான் அவர். 1858-ல் சென்னையை விட்டு, தென்னார்க்காட்டுக் கருங்குழிக்கு வந்து தங்கியபோதும் அவர் சைவர்தான். அவருடைய பாடல்களை அன்பர்கள் 1867-ல் திருவருட்பா என்ற பெயரிலே அச்சேற்றியபோது சைவ உலகமே கொண்டாடியிருக்க வேண்டும்.

கொண்டாடியதா? 1869-ல் வந்தது 'போலியருட்பா மறுப்பு' என்ற கண்டன நூல்! யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தரப்பின் கணை அது. தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் உரிய பெயரை இந்த மனிதரின் பாட்டுக்கு எப்படிச் சூட்டலாம் என்று கேட்டார்கள். கண்டனத்துக்குக் கண்டனம், மறுப்புக்கு மறுப்பு என்று வளர்ந்து, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துப் படிவரைக்கும் போயிற்று அந்தப் பூசல். இத்தனைக்கும் தம் பெயரோடு 'சாமி' என்ற சொல்லைச் சேர்ப்பது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அதற்கு நான் சம்மதியேன் என்று அன்பருக்குக் கடிதம் எழுதியவர் அவர். எழுத்தறியாதவன் கூட நாலு சீடன் கிடைத்தால் 'சுவாமிகள்' ஆகிவிடும் நாட்டிலே, பாட்டு வெள்ளம் பாய்ச்சியவர் 'சாமி' வேண்டாம் என்கிறார்! காவி உடுத்தவில்லை. வெள்ளைத் துணியால் தலைவரை முக்காடிட்ட மனிதர். காவி போர்க்கொடியின் நிறம் என்றார்.

கருங்குழியிலிருந்து வடலூர் வந்தார். ஊரார் ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். பெருவெளி அது. அந்தப் பெருவெளியிலே அவர் முதன்முதலாக என்ன எழுப்பினார் தெரியுமா? கோபுரமா? தேரடியா? திருக்குளமா? அடுப்பு! 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் மூட்டிய அடுப்பு. அதற்கு முந்திய ஆண்டுதான் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் பஞ்சம் மக்களைக் கொன்று குவித்தது என்பதை நினைவிலே வையுங்கள். தருமச்சாலை என்று பெயரிட்டார். வந்தவன் எந்தச் சாதி, எந்த மதம், எந்த ஊர், என்ன ஒழுக்கம் என்று கேளாமல் சோறு போடு என்பது விதி. பசியைத் தீர்ப்பதே மோட்ச வீட்டின் திறவுகோல் என்று ஒரு நூலே எழுதி வைத்தார். அந்த நூலிலே பசி வந்தவனுக்கு உடம்பிலே என்னென்ன நேருகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார் பாருங்கள், அதைப் பட்டினி கிடந்தவன் எழுதியிருக்க வேண்டும், அல்லது பட்டினி கிடந்தவனைப் பக்கத்திலே உட்கார்ந்து பார்த்தவன் எழுதியிருக்க வேண்டும். அவர் மறைந்த இரண்டாம் ஆண்டிலே, 1876-ல், தாது வருடப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்திலே மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணைந்ததில்லை என்கிறார்கள் வடலூரார்.

சபை கட்டியது அதற்குப் பிறகு. சோறு முதலில், சபை பின்னால். ஐந்தாண்டு இடைவெளி! 1872-ஆம் ஆண்டு சனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞானசபை திறந்தது. உள்ளே சிலை இல்லை. ஏழு திரைகள், திரைகளுக்கு அப்பால் ஒரு விளக்கு. அவ்வளவுதான். அதே ஆண்டு சூலை 18-ஆம் நாள் சபைக்கு விதிகள் எழுதினார். அதிலே ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக் காட்டுகிறோம். உள்ளே சென்று விளக்கேற்றுகிறவர் 12 வயதுக்கு உட்பட்ட சிறுவராக இருக்கவேண்டும். அல்லது 72 வயதுக்கு மேற்பட்ட முதியவராக இருக்கவேண்டும்!

இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்துப் பாருங்கள். குலம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை, பூணூல் கேட்கவில்லை, மந்திரம் தெரியுமா என்று கேட்கவில்லை. வயது ஒன்றைத்தான் கேட்கிறார். ஏன்? சிறுவனுக்கு அடுத்த பிறந்த நாள் வந்தால் அந்த வேலை போயிற்று. எழுபத்திரண்டு கடந்த முதியவர் அந்த வேலையிலே எத்தனை நாள் இருந்துவிட முடியும்? சம்பாதித்துச் சேர்க்கும் வயது, குடும்பம் வளர்க்கும் வயது, மகனுக்கு எழுதி வைக்கும் வயது, பரம்பரை உரிமை பேசும் வயது, அத்தனையும் பன்னிரண்டுக்கும் எழுபத்திரண்டுக்கும் நடுவிலே இருக்கிறது. அந்த நடுவை அப்படியே வெட்டி எடுத்துவிட்டார்! பூசாரி என்ற உத்தியோகம் வேர்விட முடியாத மண்ணாகப் பார்த்து விளக்கை நட்டார். புரோகிதத்தை எதிர்த்து ஆயிரம் மேடைகளிலே பேசியிருக்கிறோம். ஒரே வாக்கியத்திலே அதற்கு வழியடைத்த சாமர்த்தியத்தைப் பார்த்து வியக்கிறோம்.

1873-ஆம் ஆண்டு அக்டோபரிலே மேட்டுக்குப்பத்திலே கொடி கட்டிவிட்டு, கூடியிருந்தவர்களிடம் வெளிப்படையாகவே பேசினார். எனக்கு முன்பு சைவத்திலே இருந்த பற்று எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அதையும் நான் விட்டுவிட்டேன் என்ற கருத்திலே பேசினார். வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் மனம் வைக்காதீர்கள் என்றார். செத்தால் கருமாதி, திதி வேண்டாம், எரிக்காமல் புதையுங்கள் என்பதும், கணவன் செத்தால் மனைவியின் தாலியை வாங்காதீர்கள் என்பதும் அவர் சொன்னவைதான். அவர் சொல்லி ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் பத்தாம் நாள் பெண்ணைக் கூடத்திலே உட்கார வைத்துத் தாலியறுக்கும் கொடுமை நம் தெருக்களிலே தீர்ந்தபாடில்லை. 1874 சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்து அறைக்குள்ளே போனார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

அவரோடு எல்லாவற்றிலும் உடன்படுகிறோம் என்று சொல்லி வாசகரை ஏமாற்ற மாட்டோம். சாகாத உடம்பு பெறலாம் என்று அவர் நம்பினார், நாம் நம்பவில்லை. அருட்பெருஞ்சோதி என்று அவர் கண்ட ஒளியை நாம் கண்டதில்லை. இன்னொன்றும் உண்டு. கொலையும் புலையும் தவிர்த்தவரே உள்ளே வரலாம் என்று ஞானசபையிலே எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை எதிர்பார்த்து ஆறு நாள் மூட்டை தூக்கும் நம் தோழருக்கு அங்கே வாசல் இல்லை. சாதியின் பெயரால் தள்ளாதவர் சாப்பாட்டின் பெயரால் தள்ளிவிட்டாரே என்று கேட்பவர் கேட்கட்டும், கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் அதே மனிதர்தான், கறி தின்பவனானாலும் பசித்து வந்தால் சோறு போடு என்று சொன்னவர். சபை வாசலிலே நிபந்தனை வைத்தார். சாலை வாசலிலே வைக்கவில்லை.

இனி மதம் செய்த வேலையைக் கேளுங்கள்.

அயல்நாடுகளிலே மதத்தை விட்டவனை மதம் வெளியே தள்ளும். 1656-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதத் திருச்சபை, 23 வயது இளைஞன் ஸ்பினோசாவைச் சபித்து விலக்கியது. அவர் கண்ணாடி வில்லை தேய்த்துப் பிழைத்தார், பணிந்து திரும்பவில்லை. 1901-ல் ரஷ்யத் திருச்சபை, டால்ஸ்டாயைத் தன் உறுப்பினர் அல்லர் என்று அறிவித்தது. கொடுமைதான். ஆனால் ஒரு நன்மை உண்டு: யார் உள்ளே, யார் வெளியே என்பது ஊருக்குத் தெரிந்துவிடும். நம் நாட்டு மதத்தின் வித்தை வேறு. முதலிலே ஏசும். ஏச்சு பலிக்காவிட்டால் இழுத்து அணைக்கும்! வேதத்தை மறுத்த புத்தரையே பத்து அவதாரத்திலே ஒன்றாக்கி, பட்டியலிலே ஒன்பதாம் இடம் கொடுத்து உட்கார வைத்த வித்தை அது. புத்தருக்கே இந்தக் கதி என்றால் கருங்குழி இராமலிங்கர் எம்மாத்திரம்?

போலி என்று ஏசியவர்களின் மதமே அவரை அடியாராக்கிற்று. விளக்கு மட்டும் எரிய வேண்டிய ஞானசபையிலே, பின்னாளில் சிவலிங்கம் வந்தது. ஆகமப்படி பூசை வந்தது. பூசை செய்யப் பரம்பரை உரிமை பேசுபவரும் வந்தார். பன்னிரண்டும் எழுபத்திரண்டும் ஏட்டிலே கிடந்தன! சன்மார்க்க அன்பர்கள் பொறுத்துப் பார்த்து, பின்பு முறையிட்டார்கள். 2006-ல் அறநிலையத் துறை, வள்ளலார் வகுத்த வழிப்படி சோதி வழிபாடுதான் அங்கே நடக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்கு நடந்தது. 2010-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. தம் கையாலே 1872-ல் எழுதி வைத்த விதியை நிலைநாட்ட, 138 ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தின் துணை வேண்டியிருந்தது.

அதோடு விட்டார்களா? 2023 சூன் திங்களிலே, வடலூரிலே நடந்த விழாவிலே, தமிழ்நாட்டின் அன்றைய ஆளுநர் பேசினார்: வள்ளலார் பத்தாயிரம் ஆண்டுச் சனாதன தருமத்தின் உச்ச நட்சத்திரமாம்! சாத்திரத்தைக் குப்பை என்று தள்ளியவரைச் சாத்திரத்தின் சிகரத்திலே ஏற்றி வைக்கிறார்கள். எதிர்ப்பு கிளம்பிற்று, அன்பர்களே முதலில் கொதித்தார்கள். எதிர்ப்பது எளிது, தோழர்களே. நமக்கு வேண்டியவர்கள் கட்டும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் அரிது. வடலூரிலே வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மக்கள் தைப்பூசத்திலே கூடும் பெருவெளி வெளியாகவே இருக்கவேண்டும், வேறிடத்திலே கட்டுங்கள் என்று அன்பர்கள் போராடினார்கள், நீதிமன்றமும் சென்றார்கள். அவர்களை எதிரிகள் என்று நம்மவர் சிலர் பேசியதை நாம் ஏற்கவில்லை. வெற்றிடத்தின் அருமை, கட்டடம் கட்டுகிறவனுக்கு எப்போதும் தாமதமாகத்தான் விளங்கும்.

வடலூருக்கு அடுத்த வாசல்தான் நெய்வேலி. 1956-ல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்துத் தொழிலாளத் தோழர்கள் பலருக்கு அது பேருந்து மாறும் ஊர். அவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். தைப்பூசத்தன்று போவீர்களானால் கூட்டத்திலே முண்டியடித்துத் திரைக்கு முன்னே நிற்கவேண்டும் என்பதில்லை. தருமச்சாலைக்குப் போங்கள். அடுப்பண்டையிலே சற்று நின்று பாருங்கள். கொண்டுபோன அரிசியைக் கொடுங்கள். இல்லாவிட்டால் பந்தியிலே உட்காருங்கள், இரண்டும் ஒன்றுதான். பிறகு, சபை வாசலுக்கு வந்து, இப்போது விளக்கேற்றுகிறவருக்கு வயது என்ன என்று மரியாதையாக விசாரித்துவிட்டு வாருங்கள்.