உங்களுக்குத் தெரியுமா? கோமோ ஏரியை நடந்தே சுற்றலாம்!

● இத்தாலியின் ஏரிகளில் பரப்பளவில் கோமோவுக்கு மூன்றாம் இடம்தான். கார்டா ஏறக்குறைய 370 சதுர கி.மீ., மஜ்ஜோரே 212, கோமோ 146. ஆனால் பரப்பைப் பார்த்து நடைக்காரர்கள் ஏமாறக் கூடாது. ஆங்கில 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவம் இந்த ஏரிக்கு. மூன்று கைகளின் கரையையும் சேர்த்து அளந்தால் சுமார் 170 கி.மீ. வருகிறது. தென்மேற்கு நுனியில் கோமோ, தென்கிழக்கு நுனியில் லெக்கோ, வடக்கே கொலிகோ, கைகள் பிரியும் இடத்தில் பெல்லாஜியோ. இந்த நான்கு பெயர்களும் மனதில் நின்றுவிட்டால் வரைபடம் பாதி பிடிபட்டுவிடும்.

● ஏரியை முழுதாகச் சுற்றிவர ஒரே பாதை என்று எதுவும் கிடையாது. இருப்பவை மூன்று துண்டுகள். தெற்கே இரண்டு கைகளுக்கும் நடுவிலுள்ள மலைமுகட்டில் ஒன்று. கிழக்குக் கரையில் 'சென்டியேரோ தெல் வியாந்தாந்தே'. மேற்கு மலைச்சரிவில் 'வியா தெய் மோந்தி லரியானி'. இடையில் விழும் ஓட்டைகளைப் படகு, ரயில், பேருந்து கொண்டு அடைக்க வேண்டும். இதைக் குறுக்குவழி என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், படகு ஏறாமல் கோமோவைச் சுற்ற நினைப்பதுதான் வீம்பு. கரையோரத் தார்ச்சாலை பல இடங்களில் குறுகல், நடைமேடை கிடையாது, போதாக்குறைக்குச் சுரங்கங்கள் வேறு. நடந்து தீர்க்க வேண்டிய கடன் எதுவும் அங்கே இல்லை.

● இத்தாலிய மலைப்பாதைப் பலகைகளில் பெரும்பாலும் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். 'பெல்லாஜியோ 3 மணி 30' என்று போட்டிருந்தால் அது சாப்பாட்டையும் ஓய்வையும் சேர்க்காத, இடைவிடாத நடையின் நேரம். ஏற்றம் மிகுந்த ஊரில் இதுதான் நேர்மையான கணக்கு. வீட்டிலிருந்தே திட்டமிட விரும்புகிறவர்களுக்கு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்ன சூத்திரம் இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. 12 கி.மீ. தூரம், 1,200 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய நாலரை மணி நேரம். முதுகில் பத்துக் கிலோ இருந்தால் ஆறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தை நெய்ஸ்மித் கணக்கில் சேர்க்கவில்லை. கோமோவில் முழங்காலைப் பதம் பார்ப்பது அதுதான்: கோவேறு கழுதைகளுக்காகக் கல் பாவிய, மழை பெய்தால் வழுக்குகிற பழைய பாதைகள்.

● மலைப்பாதைகளின் அடையாளம் பெரும்பாலும் பாறையிலும் மரத்திலும் பூசிய சிவப்பு, வெள்ளைப் பட்டைகள். இவற்றைப் பராமரிப்பதில் பெரும்பங்கு 1863-ல் தூரினில் தொடங்கிய இத்தாலிய ஆல்பைன் கழகத்துக்கு. பாதைகளின் கடுமையையும் அந்தக் கழகம் எழுத்துகளால் தரம் பிரித்திருக்கிறது. 'டி' என்றால் சுற்றுலா நடை. 'இ' என்றால் பழகியவர்களுக்கான மலைநடை. 'இஇ' என்றால் அனுபவசாலிகளுக்கு மட்டும். 'இஇஏ' என்று கண்டால் இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும். ஏரியைச் சுற்றும் நடை முக்கால்வாசி 'இ' தரத்திலேயே முடிந்துவிடும்.

● நடையைக் கோமோ நகரிலேயே தொடங்கலாம், அதுவும் உட்கார்ந்தபடி! பழனியில் விஞ்ச் என்கிறோமே, அந்த வகை இழுவை ரயில் ஒன்று கோமோவிலிருந்து புருனாதே ஊருக்கு ஏறுகிறது. 1894 முதல் ஓடுகிறது. ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தை ஏழே நிமிடத்தில் கடந்துவிடும். முதல் நாள் காலையில் முழுப் பையோடு அந்த ஏற்றத்தை நடந்து ஏறுவதால் யாருக்கும் புண்ணியம் இல்லை.

● புருனாதேயிலிருந்து பெல்லாஜியோ வரை மலைமுகட்டிலேயே முப்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். ஒரே நாளில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாளாகப் பிரிப்பது மேல். வழியில் உயர்ந்தது மோந்தே சான் பிரிமோ, 1,680 மீட்டரைத் தாண்டும். உச்சியில் நின்றால் ஏரி இரண்டாகப் பிரிவது கண்ணெதிரே தெரியும். மூன்று கைகளையும் ஒருசேர வாசிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: முகடு முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. பெய்த மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். கீழே கடல் போல ஏரி, மேலே குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை என்ற நிலை கோடையில் சாதாரணம். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

● சுண்ணாம்பு மலைக்குள் இறங்கும் நீர் பொதுவாக எங்கே போகும்? கிழக்குக் கரையில் வரென்னாவை ஒட்டி ஃபியூமெலாத்தே என்ற ஆறு அதற்குப் பதில் சொல்கிறது. மலைக்குகையிலிருந்து பால் நிறத்தில் நுரைத்து விழுந்து, சுமார் 250 மீட்டர் ஓடி ஏரியில் கலந்துவிடும். இத்தாலியின் மிகக் குறுகிய ஆறுகளில் ஒன்று. வசந்தத்தில் வரும், இலையுதிர் காலத்தில் நின்றுவிடும். லியோனார்தோ தா வின்சி தன் குறிப்பேட்டில் இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்.

● விட்டுவிட்டுச் சுரக்கும் நீரூற்று ஒன்றும் இங்கே உண்டு. கோமோவில் பிறந்த ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இது ஏன் நிரம்பி வடிகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டார். டோர்னோவுக்கு அருகே அந்த ஊற்றைச் சுற்றி 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகைக்கு அவர் பெயரே: வில்லா பிளினியானா.

● ஏரியின் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 198 மீட்டர். ஆழமோ 400 மீட்டருக்கும் அதிகம். அதாவது ஏரியின் அடிமட்டம் கடல் மட்டத்துக்கும் 200 மீட்டர் கீழே கிடக்கிறது. பனிப்பாறைகள் தோண்டிய பள்ளம் இது. கரையோரம் சட்டென்று செங்குத்தாக எழுவதும் அதனால்தான். வரைபடத்தில் விரல் அளவு தள்ளியிருக்கும் ஊருக்குப் போக நானூறு மீட்டர் ஏறி இறங்க நேரிடுவதும் அதனால்தான்.

● பெல்லாஜியோவிலிருந்து வரென்னாவுக்குப் படகில் கால் மணி நேரம். நடந்து போக வேண்டுமானால் லெக்கோ வரை தெற்கே இறங்கி மறுகரையில் மீண்டும் ஏற வேண்டும். இரண்டு மூன்று நாள் தின்றுவிடும். பெல்லாஜியோ, வரென்னா, மெனாஜியோ, கதெனாபியா ஆகிய நான்கு ஊர்களுக்கிடையே கார் ஏற்றும் படகுகளும் உண்டு. இந்த ஏரியில் நீராவிப் படகுகள் 1826-லேயே ஓடத் தொடங்கிவிட்டன. கவனிக்க வேண்டியது பருவம்: நடு ஏரியில் ஆண்டு முழுதும் சேவை இருக்கும், வடக்கே கொலிகோ பக்கம் குளிர்காலத்தில் மிகவும் சுருங்கிவிடும். தேதியை முடிவு செய்யும் முன் கால அட்டவணையைப் பாருங்கள்.

● கிழக்குக் கரையின் சென்டியேரோ தெல் வியாந்தாந்தே, அபாதியா லரியானாவிலிருந்து கொலிகோ வரை சுமார் 45 கி.மீ. பல நாள் நடைக்குப் புதியவர்கள் இதிலிருந்தே தொடங்கட்டும். காரணம் இயற்கைக்காட்சி அல்ல, ரயில். அபாதியா, மாந்தெல்லோ, லியெர்னா, வரென்னா, பெல்லானோ, தெர்வியோ, கொலிகோ என்று பாதைக்குக் கீழேயே நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. கால் வலித்தாலும் மழை பிடித்தாலும் அடுத்த ஊரில் இறங்கி ரயிலேறிவிடலாம். வரென்னாவில் அறை எடுத்துப் பெரிய பையை அங்கேயே போட்டுவிட்டு, தினமும் ரயிலில் போய் விட்ட இடத்திலிருந்து நடக்கிறவர்களும் உண்டு. மிலானோவின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து வரென்னாவுக்கு நேரடி ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும்.

● அந்த ரயில் பாதைக்கே ஒரு பெருமை உண்டு. லெக்கோவிலிருந்து கொலிகோ வழியே சோந்திரியோ வரை 1902-ல் மும்முனை மின்சாரத்தில் ரயில் ஓடியது. நெடுந்தூரப் பாதையில் உயரழுத்த மின்சாரத்தால் ரயில் ஓட்டிய உலக முன்னோடி இதுதான். வடிவமைத்தவர் ஹங்கேரியப் பொறியாளர் கால்மான் காந்தோ. மின்சாரத்தோடு இந்த ஏரிக்கு உள்ள உறவு அதைவிடப் பழையது: முதல் மின்கலத்தைச் செய்த அலெஸ்ஸாந்திரோ வோல்தா பிறந்ததும் (1745) இறந்ததும் (1827) கோமோவில்.

● லியெர்னாவுக்கும் வரென்னாவுக்கும் இடையே வியாந்தாந்தே இரண்டாகப் பிரிகிறது. தாழ்ந்த வழி ஏரியை ஒட்டியது. உயர்ந்த வழி 1,000 மீட்டரை நெருங்கும் ஓர்தனெல்லா வரை ஏறி இறங்கும். நல்ல நாளில் உயர்ந்த வழியே சரி. மேகம் கவிந்தால் கேள்வியே வேண்டாம், கீழே போங்கள்.

● மோட்டார் சைக்கிள் பிரியர்கள் மாந்தெல்லோவில் ஒரு வேளை நிற்காமல் போக மாட்டார்கள். மோட்டோ குட்ஸி தொழிற்சாலை 1921 முதல் அங்கேதான்.

● கோமோ ஏரியில் காற்றுக்கும் நேரம் உண்டு. காலையில் வடக்கிலிருந்து வீசுவது திவானோ. நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து எழுவது ப்ரேவா. பாய்மரக்காரர்கள் இதை வைத்துத்தான் நாளைப் பிரிக்கிறார்கள். வழக்கமான நேரத்தில் ப்ரேவா வரவில்லையா? வானிலை மாறப்போகிறது என்று உள்ளூர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். முகட்டு நடையை மதியத்துக்குள் முடிப்பது நல்லது.

● வட முனையில் கொலிகோவுக்கும் சோரிக்கோவுக்கும் இடையே பியான் தி ஸ்பான்யா என்ற சதுப்புநிலம். ஒரு காலத்தில் இதுவும் ஏரிதான். அத்தா ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் ஏரியைக் குறுக்கே மறித்துவிட்டது. துண்டான வடபகுதி இன்று மெத்ஸோலா என்ற தனிச் சிற்றேரி. பறவை பார்க்கிறவர்களுக்குச் சொர்க்கம். மற்றவர்களுக்குத் தட்டையான நடை, கால்களுக்கு ஓய்வு.

● உள்ளே வரும் அத்தா ஆறு வெளியேறுவது லெக்கோவில் மட்டுமே. கோமோ பக்கக் கைக்கு வாய் கிடையாது; முட்டுச்சந்து. அதனால் பெருமழைக் காலத்தில் கோமோ நகரின் கரையோரச் சதுக்கம் தண்ணீரில் நிற்கும். அக்டோபர், நவம்பரில் போகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்கவும்.

● மேற்குக் கரையில் ரயில் இல்லை. மாற்று, கோமோவிலிருந்து மெனாஜியோ வழியே கொலிகோ செல்லும் சி10 பேருந்து.

● வியா தெய் மோந்தி லரியானி, செர்னோபியோவிலிருந்து சோரிக்கோ வரை சுமார் 125 கி.மீ. பெரும்பகுதி 600 மீட்டருக்கும் 1,200 மீட்டருக்கும் இடையில், பழைய மேய்ச்சல் குடியிருப்புகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. வழிகாட்டி நூல்கள் இதை வழக்கமாக நான்கு கட்டமாகப் பிரிக்கின்றன. ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர்! மலையில் பிறந்தவர்களுக்கு எழுதியது போலும். ஆறு நாள் ஒதுக்குங்கள். இடையிடையே ஏரிக்கரைக்கு இறங்கி ஊருக்குள் தங்கலாம். ஆனால் இறங்கிய உயரத்தை மறுநாள் காலை திரும்பவும் ஏறியாக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

● சுவிஸ் எல்லை இந்தப் பாதைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளிலும் காப்பியும் சிகரெட்டும் இரவோடு இரவாக இந்த மலைகளைத் தாண்டி வந்தன. கடத்தல்காரர்கள் சணல் மூட்டையை முதுகில் கட்டி, காலடிச் சத்தம் கேட்காதிருக்கத் துணியால் செய்த செருப்பு அணிந்து நடந்தார்கள். அவர்களைப் பிடிக்கக் கட்டிய காவல் விடுதிகளில் சில இன்று நடைக்காரர்கள் தங்கும் ரிஃபுஜியோக்கள்.

● ரிஃபுஜியோ என்பது மலைவிடுதி. இரவு உணவு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்ந்த கட்டணத்தை 'மெட்ஸா பென்சியோனே' என்பார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட அதுவே சிக்கனம். போர்வை தருவார்கள், உள்ளே விரித்துக்கொள்ளும் துணிப்பையை நீங்கள் கொண்டுபோக வேண்டும். கோடை தவிர்த்த மாதங்களில் பல விடுதிகள் சனி, ஞாயிறு மட்டுமே திறந்திருக்கும். ஆகவே முதலில் படுக்கை, பிறகு பாதை என்ற வரிசையில் திட்டமிடுங்கள். ஆகஸ்ட் 15 இத்தாலியின் பெரிய விடுமுறை. அந்த வாரத்தைத் தவிர்த்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

● சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. மக்காச்சோள மாவுக் களியில் வெண்ணெயும் சீஸும் பூண்டும் புரட்டிய 'போலெந்தா உன்ச்சா' மலையில் எங்கும் கிடைக்கும். வடக்கே போனால் பித்ஸோக்கெரி: நெளிகோதுமை எனப்படும் பக்வீட் மாவில் செய்த பட்டை நூடுல்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, சீஸ். அசைவர்களுக்கு மிஸ்ஸொல்தீனி, அதாவது ஏரிக் கருவாடு. அகோனே என்ற மீனை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, பிரிஞ்சி இலை அடுக்கித் தகர டப்பாவில் அழுத்தி வைக்கிறார்கள். சுட்டு, வினிகர் தெளித்து, களியோடு கொடுப்பார்கள்.

● மலை ஏற முடியாதவர்கள் குழுவில் இருந்தால் கொலோன்னோவிலிருந்து கதெனாபியா வரை 'கிரீன்வே' என்ற பத்துக் கிலோமீட்டர் எளிய நடை இருக்கிறது. ஏரியின் ஒரே தீவான கொமாச்சினா எதிரே தெரியும். கோமோ நகரப் படை 1169-ல் அதை எரித்துத் தரைமட்டமாக்கியது. வழியில் மெட்செக்ரா: 1945 ஏப்ரல் 27-ல் தொங்கோவில் பிடிபட்ட முசோலினி மறுநாள் சுட்டுக்கொல்லப்பட்டது இங்கேதான். லென்னோ முனையிலுள்ள பல்பியானெல்லோ மாளிகையைப் பார்த்தால் எங்கோ பார்த்த ஞாபகம் வரும். 'கசினோ ராயல்' (2006) படத்தில் ஜேம்ஸ் பாண்ட் காயம் ஆறி உட்கார்ந்திருந்த தோட்டம் அதுதான்.

● பாறை நீரூற்றுக் குழாயில் 'நோன் போதாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். ஆபத்து உதவிக்கு எண் 112. புல்வெளி நடைக்குப் பின் கால்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

● சுற்று முடியும் செர்னோபியோவில், 1568-ல் ஒரு கர்தினாலுக்காகக் கட்டிய வில்லா தெஸ்தே மாளிகை 1873 முதல் ஹோட்டல். ஐரோப்பாவின் விலை உயர்ந்த அறைகளில் சில அங்கே. சேறு அப்பிய பூட்ஸோடு அதன் வாசலைக் கடந்து சில கிலோமீட்டர் போனால் கோமோவின் ஏரிக்கரை ரயில் நிலையம். மிலானோ திரும்ப அங்கிருந்து ஒரு மணி நேரம். சீட்டு சில யூரோக்கள்தான்.