குடியை விட நினைப்போர் எங்கே போவது?

புது தில்லி: மதுவிலக்கா, மது வருவாயா என்ற வாதம் சட்டப்பேரவைகளில் ஓய்ந்தபாடில்லை. குடியை விடத் துடிப்பவருக்கு என்ன வழி என்ற கேள்வியோ அரிதாகவே எழுகிறது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி, 2019-இல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றுள்ளார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர்தான்.

இந்தக் குறையைச் சிறிதளவேனும் ஈடுசெய்பவை 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள். அமெரிக்காவில் 1935-இல் தோன்றிய இவ்வமைப்பு, 1957-இல் இந்தியாவில் காலூன்றியது. கட்டணம் கிடையாது, முழுப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. தேவாலய அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ கூடுவோர், தாம் விழுந்ததையும் எழுந்ததையும் மனம்விட்டுப் பேசுகின்றனர். கேட்பவரும் அதே துயரைக் கடந்தவர் என்பதால் கூச்சம் அகல்கிறது. குடும்பத்தினருக்கு 'அல்-அனான்' குழுக்கள் தனியே உண்டு.

ஆனால், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் முதலில் மருத்துவரை அணுகுவதே முறை. போதை மீட்புக்கென மத்திய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446 உள்ளது.

மதுக்கடை இருக்கும் இடம் ஊருக்கே தெரியும். கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அரசு மருத்துவமனைகளின் தகவல் பலகையில் எழுதி வைக்கப் பெரும் நிதி ஏதும் தேவையில்லை.