உறையவும் வேண்டும், ஓடவும் வேண்டும்

அரிவாள் பட்டு விரலில் கீறல் விழுகிறது. சற்று அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடுகிறது. நிறுத்துபவை எவை? இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்களே. ஒரு கன மில்லிமீட்டரில் இவை 1,50,000 முதல் 4,00,000 வரை உள்ளன. குளத்துக் கரை உடைந்தால் மணல் மூட்டைகளை அடுக்குகிறோம் அல்லவா? அதுபோல இவை ஒன்றோடொன்று ஒட்டிக் காயத்தின் வாயை அடைக்கின்றன.

அதே மூட்டைகள் மடைக்குள் விழுந்தால் பயிர் காய்ந்துபோகும். இதயத் தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்கும்போது, அதையும் காயம் என்றே கொண்டு தட்டணுக்கள் திரள்கின்றன. குழாயின் ஆரம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்கிறது பாய்சேயின் விதி. உயிருள்ள தமனிக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. எனினும் சிறு அடைப்பும் எவ்வளவு கேடு செய்யும் என்பதை இது காட்டுகிறது. ஓட்டம் நின்றால் இதயத் தசை மடியத் தொடங்கும். இதுவே மாரடைப்பு.

தட்டணுக்கள் தம் இனத்தைத் துணைக்கு அழைக்கத் திராம்பாக்சேன் என்ற பொருளை வெளியிடுகின்றன. அதை ஆக்கும் நொதியை ஆஸ்பிரின் முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே புது நொதியைச் செய்துகொள்ள இயலாது. தன் ஆயுளான 8 முதல் 10 நாள் வரை அது செயலிழந்தே இருக்கும். குளோபிடோக்ரெல் என்ற மருந்து ஏடிபி என்னும் வேறோர் அழைப்பைத் தட்டணு ஏற்காதபடி தடுக்கிறது.

பயன் எவ்வளவு? 1988இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு ஐயத்துடன் சேர்க்கப்பட்ட 17,187 பேர் பங்கேற்றனர். ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய் நோய்களால் ஏற்பட்ட இறப்பு, ஆஸ்பிரின் பெறாதவர்களில் ஆயிரத்துக்கு 118, பெற்றவர்களில் 94.

களக்காட்டிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டர். இத்தகைய தொலைவுகளை எண்ணியே தமிழக அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் முதல் தவணையாகத் தரப்படுகின்றன. இவற்றுள் கடைசி மருந்து தட்டணுவைத் தடுப்பதன்று, கொழுப்பைக் குறைப்பது.

இனி மறுபக்கம். மடையைத் திறந்து வைக்கும் மருந்து, கரை உடைப்பை அடைப்பதையும் தாமதப்படுத்தும். ஆஸ்பிரின் இரைப்பையின் காப்புப் படலத்தையும் நலியச் செய்வதால் அங்கே புண்ணாகி இரத்தம் கசியலாம். மலம் கருமையாகப் போவது அதன் அறிகுறி. அரிதாக மூளையிலும் கசிவு நேரும். இதயநோய் இல்லாத முதியவர்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட பெரும் ஆய்வொன்றில், அன்றாட ஆஸ்பிரின் மாரடைப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. பெரும் இரத்தக் கசிவே மிகுந்தது.

ஆகவே நண்பர்களே, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களும் தொடங்காதீர்கள். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் பல் பிடுங்குவதற்காகத் தாமாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. அந்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடக்கட்டும்.