பெட்ரோல் பங்கில் இருந்த இடஒதுக்கீடு சார்ஜிங் நிலையத்தில் எங்கே?

பெட்ரோல் பங்க் முகமை வழங்கும்போது பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 22.5 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்குகின்றன. முதல் இல்லாதவருக்கு நிலத்தையும் கட்டமைப்பையும் நிறுவனமே ஏற்படுத்தித் தரும் வழியும் உண்டு. இந்த ஒதுக்கீட்டுக்குள் பினாமிகள் புகுந்த கதை நாம் அறியாததன்று. ஆயினும், உரிமை கோரி நிற்பதற்கு ஒரு பிடிமானம் இருந்தது.

பெட்ரோலின் இடத்தை மின்சாரம் பிடிக்கத் தொடங்கியதும் அந்தப் பிடிமானம் சத்தமின்றி நழுவுகிறது. மின்வாகன சார்ஜிங் நிலையம் நடத்த உரிமம் தேவையில்லை என ஒன்றிய மின்துறை அமைச்சகம் 2018இல் அறிவித்தது. யார் வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதன் நடைமுறைப் பொருள், சாலையோர நிலமும் கையில் முதலும் உள்ளவர் தொடங்கலாம் என்பதே. அவ்விரண்டும் யாரிடம் உள்ளன என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தனியார் தம் நிலத்தில் தொடங்கினால் நாம் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் இங்கே பொதுநிலமும் பொதுப்பணமும் உள்ளன. அரசு நிலத்தை யூனிட்டுக்கு 1 ரூபாய் வருவாய்ப் பங்கு என்ற அடிப்படையில் சார்ஜிங் நிலையத்துக்குத் தரலாம் என்று 2022ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. தனியாருக்கு ஏலத்தில் விடும்போதும் அடிப்படை விலை அந்த 1 ரூபாய்தான். 2024இல் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் 10,900 கோடி ரூபாயில் 2,000 கோடி ரூபாய் பொது சார்ஜிங் வசதிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டுள்ளது. அரசு அலுவலகம், மருத்துவமனை, கல்வி நிலையம் போன்ற வளாகங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் நிலையத்துக்கு முழுச் செலவையும் மானியமாகப் பெற வழியுண்டு. பொதுநிலத்தின் மேல் பொதுப்பணத்தில் எழும் ஒன்றுக்கு ஒதுக்கீட்டு நிபந்தனை விதிக்க எந்தத் தடையும் இல்லை. விதிக்கும் மனம்தான் வேண்டும்.

இனி, பழைய கருவிகளை மாற்றுவதைப் பார்ப்போம். இந்தியாவில் தொடக்க காலத்தில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் இருவகை: 3.3 கிலோவாட் திறனுள்ள மூன்று இணைப்புகள் கொண்ட ஏ.சி. பெட்டி; 15 கிலோவாட் டி.சி. கருவி. இன்றைய கார்கள் சி.சி.எஸ்.-2 என்னும் வேறு இணைப்புக்கு மாறிவிட்டதால் அந்த டி.சி. கருவிகள் காலாவதியாகிவிட்டன. அவற்றை அகற்றுவது நியாயமே. ஆனால் அகற்றிய இடத்தில் எது வருகிறது? 60 கிலோவாட் விரைவு சார்ஜர் ஒன்றை வைத்தால் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கார்கள் நிற்கும். அதே மின்சுமையில் 3.3 கிலோவாட் இணைப்புகள் 18 வைக்கலாம். 18 ஸ்கூட்டர்கள் நிற்கும். கருவித் தேர்வு வெறும் பொறியியல் முடிவன்று. கடற்கரைச் சாலைக்கு வரும் சுற்றுலாக் காருக்கா, உணவுப் பொட்டலம் சுமக்கும் இளைஞரின் இருசக்கர வண்டிக்கா என்ற முடிவும் அதற்குள் அடங்கியுள்ளது.

புதுச்சேரி கோடு கிழித்துக் கட்டப்பட்ட நகரம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். சேரிகளோ பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் வெளியே. (கோயிலுக்குள்ளும் கோடு இருந்தது. பறையர் கிறித்தவரையும் சாதிக் கிறித்தவரையும் பிரித்து நின்ற தேவாலயச் சுவர் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1745இல் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார்.) சுற்றுலாவை மட்டும் கணக்கிட்டு இடம் தேர்ந்தால் புதிய சார்ஜர்களும் பழைய கோட்டின்படியே நடப்படும்.

தாழ்வாரமும் தனி மீட்டரும் உள்ளவர் இரவில் வீட்டிலேயே வண்டிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறார். சந்து வீட்டிலோ ஒரே மீட்டரைப் பகிரும் வாடகைக் குடியிருப்பிலோ வாழ்பவர் பொது நிலையத்தை நாடியாக வேண்டும். அங்கே விலையும் கூடுதல். வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, பொது நிலையத்தில் ஏற்றும் மின்சாரம் 'சேவை' எனக் கொள்ளப்பட்டு 18 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. கர்நாடகத்தின் சாமுண்டேசுவரி மின்வழங்கல் கழகம் கேட்ட விளக்கத்துக்கு 2023இல் கிடைத்த விடையும் இதுவே. இடமில்லாதவரே கூடுதலாக வரி கட்டும் ஏற்பாடு இது.

மாற்று வழி தொலைவில் இல்லை. நம் மாஹே பகுதியைச் சூழ்ந்துள்ள கேரளத்தில் மாநில மின்வாரியம் 2021இல் கோழிக்கோட்டில் மின்கம்பங்களிலேயே இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான சார்ஜர்களைப் பொருத்திப் பார்த்தது. பின்னர் மாநிலமெங்கும் ஆயிரத்துக்கும் மேல் வைத்தது. தெருக்கம்பம் இருக்கும் இடமெல்லாம் நிலையம் ஆகலாம். தனி நிலம் வேண்டாம். பராமரிப்பின்றிப் பல முடங்கியதாகவும் செய்திகள் வந்தன. ஆகவே வைப்பதற்கு ஒதுக்கும் பணத்தோடு பழுது பார்ப்பதற்கும் பணமும் ஆளும் ஒதுக்கப்பட வேண்டும். அந்த வேலையை ஒப்பந்தக் கூலியாக்காமல், சேரி இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து நிலையான பணியாக்குவது பற்றி இப்போதே பேச வேண்டும். ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான பாட்கோ இங்கே இருக்கிறது. நிலைய முகமைக்குக் கடன் தரும் திட்டத்தை அதனிடம் கோரலாம்.

இதையெல்லாம் எந்த மன்றத்தில் எழுப்புவது? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக 2006இல் நடந்தது. 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் இடஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. நகராட்சியில் பட்டியல் சாதியினருக்கு இடம் ஒதுக்கும் அரசியலமைப்பின் 243டி பிரிவு ஏட்டில் உறங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் 15.7 விழுக்காடாக உள்ள நம்மவர்க்கு, எந்தத் தெருவில் கம்பம் நடுவது என்று கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2022இல் மின்துறைத் தனியார்மயத்தை எதிர்த்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது மின்சாரம் பொதுச்சொத்து என்ற குரல் ஊரெங்கும் கேட்டது; சார்ஜருக்கும் அது பொருந்தும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகளைப் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளுக்கு மாணவர்கள் அனுப்பலாம்: சார்ஜிங் நிலையங்களுக்கென எந்தெந்தப் பொது இடங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளன? அவை யாருக்கு, என்ன வருவாய்ப் பங்கில், எத்தனை ஆண்டுகளுக்குத் தரப்படுகின்றன? அவற்றுள் இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கான இணைப்புகள் எத்தனை? விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். விடை தர அவர்களுக்கு 30 நாள்.