கணினியோடு பாடம் நடத்தக் கற்ற ஆசிரியர்கள்

வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் ஆசிரியர்களுக்குத் தரப்படும் பயிற்சி இரண்டு வகை. கணினியை இயக்கவும், படக்காட்சி தயாரிக்கவும், புரொஜெக்டரை இணைக்கவும் சொல்லித்தருவது முதல் வகை. சில நாட்களில் முடிந்துவிடும். ஒரு பாடத்தின் எந்த இடத்தில் கணினி உதவும், எந்த இடத்தில் கரும்பலகையே போதும் என்று தீர்மானிக்கும் திறனை வளர்ப்பது இரண்டாவது வகை. இதற்கு ஆண்டுகள் பிடிக்கும், செலவும் கூடுதல். பலன் கண்ணுக்குத் தெரியவும் நாளாகும். அதனால்தான் பெரும்பாலான அரசுகள் முதல் வகையோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவது வகையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விடாமல் செய்துவரும் மாநிலம் கேரளம்.

இந்தத் திறனுக்கு ஒரு கோட்பாட்டு அடிப்படையும் உண்டு. ஒன்றை அறிந்திருப்பது வேறு, அதைப் பிறருக்குப் புரியவைக்கத் தெரிந்திருப்பது வேறு. இரண்டும் கலந்த ஓர் அறிவே ஆசிரியர் தொழிலின் தனிச்சொத்து என்று 1986-ல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் எழுதினார். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் அதோடு தொழில்நுட்ப அறிவையும் சேர்த்தார்கள். பாடம், கற்பிக்கும் முறை, கருவி ஆகிய மூன்றையும் தனித்தனியே கற்றால் போதாது, மூன்றும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதையும் ஆசிரியர் அறிய வேண்டும் என்பது அவர்கள் வாதம். பின்னர் வந்த பயிற்சித் திட்டங்கள் பலவற்றுக்கு இதுவே அடித்தளமானது.

ஒரு கணக்குப் பாடத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். ஒரே அடிப்பக்கத்தின் மேல் நிற்கும் முக்கோணங்களின் உச்சிகள், அந்தப் பக்கத்துக்கு இணையான ஒரு கோட்டின் மேல் இருந்தால் அவற்றின் பரப்பளவு எல்லாம் சமம். கரும்பலகையில் இரண்டு மூன்று முக்கோணங்கள்தான் வரைய முடியும். ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில் உச்சியைப் பிடித்து அந்தக் கோட்டின் வழியே இழுத்துக்கொண்டே போகலாம். முக்கோணம் சாய்கிறது, நீள்கிறது, ஊசிபோல மெலிகிறது. ஓரத்தில் தெரியும் பரப்பளவு எண் மட்டும் அசையாமல் நிற்கிறது. இதைச் செய்து காட்ட அரை மணி நேரப் பழக்கம் போதும். ஆனால் இழுப்பதற்கு முன்பே, பரப்பளவு கூடுமா குறையுமா என்று வகுப்பைக் கேட்டு, ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுதும்வரை பொறுத்திருக்கிற ஆசிரியரிடம்தான் அந்த மென்பொருள் கற்பிக்கும் கருவியாகிறது. கேட்காமலே இழுத்துக் காட்டினால் மாணவர்கள் ஒரு வேடிக்கையைப் பார்த்ததோடு சரி. அதே சமயம், கோணமானியைக் கையில் பிடித்து அளக்கப் பழகவேண்டிய பாடத்துக்குத் திரை தேவையில்லை. அதை விலக்கிவைக்கத் தெரிவதும் இந்தப் பயிற்சியின் ஒரு பகுதி.

கருவியை முதலில் கொடுத்து ஆசிரியரைப் பிறகு நினைத்த முயற்சிகள் பல நாடுகளில் ஏமாற்றத்தில் முடிந்தன. இந்தியாவில் 1984-85-ல் மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டம் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. கணினி அங்கே தனி அறையில் தனிப் பாடமாக இருந்தது. அறிவியலோ கணக்கோ மொழியோ நடத்தியவர்களின் அன்றாட வேலையைத் தொடவில்லை. பெரு நாடு 2008 முதல் ஏழைப் பள்ளிகளின் குழந்தைகளுக்கு மலிவு விலை மடிக்கணினிகளை எட்டு லட்சத்துக்கும் மேல் வழங்கியது. அங்கே 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி ஆய்வு நடத்தி, 2012-ல் முடிவை வெளியிட்டது. கணக்கிலும் மொழியிலும் குழந்தைகளின் தேர்ச்சி உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை.

கேரளம் வேறு வழியில் தொடங்கியது. விண்வெளி விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான பணிக்குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2001-02-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் உயர்நிலைப் பள்ளிகளில் அறிமுகமானது. இதன் சிறப்பு பயிற்றுநர்களைத் தேர்ந்தெடுத்த விதம். கணினி நிறுவனங்களிலிருந்து ஆள் எடுக்காமல், பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக ஆக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் நடத்திய ஒருவர் இன்னோர் இயற்பியல் ஆசிரியருக்குப் பயிற்சி தரும்போது பேச்சு தானாகவே பாடத்துக்கு வந்துவிடும். அந்தப் பாடத்தில் மாணவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். இது தவிர ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியரே தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர் ஆனார். வகுப்பு நடுவே கணினி மக்கர் செய்தால் கேட்பதற்கு அதே கட்டடத்தில் ஓர் ஆள் இருந்தார். சிறிய ஏற்பாடுதான், ஆனால் கூச்சத்தாலும் பயத்தாலும் கருவியைத் தொடாமல் இருந்துவிடும் மூத்த ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

இரண்டாவது முடிவு மென்பொருள் பற்றியது. தொடக்கத்தில் தனியார் நிறுவன மென்பொருள்கள் புழங்கின. அதை ஆசிரியர் சங்கத்தினர் எதிர்த்தார்கள். விவாதங்களுக்குப் பின், மாநிலப் பள்ளிகள் படிப்படியாக லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களுக்கு மாறின. உரிமக் கட்டணம் மிச்சமானது ஒரு லாபம். பள்ளியில் பழகிய அதே மென்பொருளை ஆசிரியர் வீட்டுக் கணினியிலும் தடையின்றி நிறுவிக்கொள்ள முடிந்தது அதைவிடப் பெரிய லாபம், ஏனென்றால் உண்மையான பழக்கம் வீட்டில்தான் வருகிறது. தாய்மொழிக்கு ஏற்ப மென்பொருளை மாற்றிக்கொள்ளவும் வழி பிறந்தது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளுக்காகத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் தமிழிலும் வருகிறது.

2005 ஜூலையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ‘விக்டர்ஸ்’ கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கிவைத்தார். ஐ.டி. அட் ஸ்கூல் 2017-ல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமானது. 2018-ல் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினி, புரொஜெக்டர், இணைய வசதி தரும் திட்டம் தொடங்கியபோது, ஆசிரியர்களுக்குக் கணினிப் பழக்கம் ஏற்கெனவே பதினைந்து ஆண்டுகளாக இருந்தது. அதே ஆண்டில் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்களும் வந்தன. அனிமேஷன், நிரலாக்கம், மின்னணுவியல் கற்கும் இந்தப் பிள்ளைகள் வகுப்பறைக் கருவிகளைப் பராமரிப்பதிலும் கைகொடுக்கிறார்கள். மாணவரிடம் ஆசிரியர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் குறைவேதும் இல்லை என்ற மனநிலை இதனால் பரவியது. எந்தப் பயிற்சிக் கையேட்டாலும் இதைத் தர முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் விக்டர்ஸில் ஒளிபரப்பாகத் தொடங்கின. தமிழ், கன்னட மாணவர்களுக்கும் தனி வகுப்புகள் தயாராயின.

தமிழ்நாட்டிலும் வசதிகள் பெருகியிருக்கின்றன. 2018 முதல் பாடநூல்களில் க்யூஆர் கோடுகள் உள்ளன; 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது; 6,000-க்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் அமைந்தன; தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகள் தரப்பட்டன. பயிற்சிக்கு மாவட்ட அளவில் டயட் என்ற ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம், அதன் கீழ் வட்டார வள மையம், அதற்கும் கீழே சில பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையம் என்று அமைப்பும் ஆழமானது. சிக்கல் பயிற்சி இறங்கிவரும் முறையில் இருக்கிறது. மாநில அளவில் கருத்தாளர் கேட்டதை மாவட்டத்தில் சொல்கிறார். மாவட்டத்தில் கேட்டவர் வட்டாரத்தில் சொல்கிறார். ஒவ்வொரு படியிலும் செய்துபார்க்கும் நேரம் குறைந்து, கடைசிப் படியில் உரையைக் கேட்பது மட்டுமே மிஞ்சிவிடுகிறது. கருவிகள் கைக்கு வந்தபிறகும் அவற்றில் விவரங்களைப் பதிவேற்றுவதற்கே நேரம் போகிறது என்பது ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் குறை. அது நியாயமான குறை. பாடவேளையில் பாடத்துக்குப் பயன்படாத கைக்கணினி, அலுவலகப் பதிவேட்டின் வேலையைத்தான் செய்கிறது.

மத்திய அரசின் ‘நிஷ்டா’ பயிற்சி 2020 அக்டோபர் முதல் ‘திக்‌ஷா’ தளத்தின் வழியே இணையத்துக்கு மாறியதால் லட்சக்கணக்கான ஆசிரியர்களை ஒரே நேரத்தில் எட்ட முடிந்தது. காணொளி பார்த்து, வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழ் பெறலாம். ஆனால் பயிற்சிக்குப் பிறகு வகுப்பு மாறியதா என்று சான்றிதழ் காட்டாது. ஒரு பாடத்தை நடத்தி, சக ஆசிரியர் அதைப் பின்வரிசையிலிருந்து கவனித்து, இருவரும் உட்கார்ந்து பேசி, அடுத்த வாரம் திருத்தி நடத்திப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். பி.எட். படிப்பில் தகவல் தொழில்நுட்பத்தை ஆராய்ந்து புரிந்துகொள்ளும் ஒரு பாடத்தை 2014-ன் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமக் கட்டமைப்பு சேர்த்தது. அந்தப் பாடம், மாணவ ஆசிரியர்கள் கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லும் பள்ளி வகுப்பறையோடு இணைந்தால்தான் பயன்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. 2024 மே மாதம் கைட் நிறுவனம் 80,000 ஆசிரியர்களை இலக்காகக் கொண்டு மூன்று நாள் பயிற்சியைத் தொடங்கியது. ஒரு குழுவில் 25 பேர். நீண்ட கட்டுரைகளைச் சுருக்குவது, படம் உருவாக்குவது, வினாத்தாள் தயாரிப்பது ஆகியவற்றோடு போலிக் காணொளிகளை அடையாளம் காண்பதும், இக்கருவிகளைப் பொறுப்போடு கையாள்வதும் அதில் இடம்பெற்றன. அதே கல்வியாண்டில் ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூலிலும் செயற்கை நுண்ணறிவு சேர்க்கப்பட்டது. முகபாவத்தைக் கண்டறியும் ஒரு நிரலை மாணவர்களே எழுதிப் பார்ப்பது அதில் ஒரு செயல்பாடு. சிரிக்கும் முகத்தைக் கணினி அழுகை என்று தப்பாகச் சொன்னால், ஏன் அப்படிச் சொன்னது, எந்தெந்த முகங்களைக் காட்டி அதைப் பழக்கினோம், யாருடைய முகங்களை விட்டுவிட்டோம் என்று வகுப்பைக் கேட்க வேண்டியவர் ஆசிரியர். அந்தக் கேள்விகளைக் கேட்கவே அவருக்குப் பயிற்சி தேவைப்படுகிறது.