டாக்டர் சீட்டில் வந்த எமன்
ஏலூர்: பேரும் புகழும் பணமும் குவிந்திருந்தும் தூக்கம் வராமல் தவித்தவர்கள் கலை உலகில் பலர். அவர்களில் சிலரைச் சாய்த்தது கஞ்சாவோ கள்ளச் சாராயமோ அல்ல. நோயைத் தீர்ப்பதற்கென்று உள்ள மருந்தே!

சிரிக்க வைத்தவர்

தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே.பி. சந்திரபாபுவை மறந்த தமிழர் உண்டா? 'சபாஷ் மீனா' (1958) படத்தில் இரட்டை வேடத்தில் வந்து வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தவர். சொந்தப் படம் எடுக்கப் போய் நொடித்தார். மனம் உடைந்த அவரை மதுவும் பெத்தடின் ஊசியும் பிடித்துக்கொண்டன. ஆஸ்பத்திரிகளில் கடும் வலியைத் தணிக்கப் போடும் ஊசி அது. 1974 மார்ச் 8-ந் தேதி அவர் காலமானபோது ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

இந்திப் பட டைரக்டரும் நடிகருமான குருதத் 1964 அக்டோபர் 10-ந் தேதி பம்பாயில் இறந்து கிடந்தார். வயது 39. மதுவும் தூக்க மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்ததன் விளைவு அது.

எட்டு மாதத்தில் 10 ஆயிரம்

அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரஸ்லி 1977 ஆகஸ்டு 16-ந் தேதி 42 வயதில் மாண்டார். அந்த ஆண்டின் எட்டு மாதங்களில் மட்டும் அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளும் ஊசிகளும் 10 ஆயிரத்துக்கும் மேல். 1981-ல் கோர்ட்டு அந்த டாக்டரை விடுதலை செய்தது. ஆனால் 1995-ல் அவரது வைத்திய லைசென்ஸ் ரத்தாயிற்று.

மைக்கேல் ஜாக்சனுக்குத் தூக்கத்துக்காக வீட்டிலேயே கொடுக்கப்பட்டது, ஆபரேஷனுக்கான மயக்க மருந்து. 2009 ஜூன் 25-ந் தேதி அவர் இறந்தார். டாக்டர் 2011-ல் சிறை சென்றார்.

பெரிய மனிதர் கேட்டால் 'கூடாது' என்று சொல்ல யார் துணிவார்கள்? அதுதான் வினை.

நம் பக்கத்தில்

ஏலூர், களமசேரி ஆலைகளில் ஷிப்ட் மாறி மாறி உழைப்பவர்களுக்குப் பகலில் தூக்கம் பிடிப்பதில்லை. எப்போதோ எழுதிய பழைய சீட்டையே மறுபடி மறுபடி நீட்டுவதும், அறை நண்பரின் மாத்திரையை வாங்கி விழுங்குவதும் இப்படித்தான் தொடங்குகிறது. நாளடைவில் உடம்பு பழகிவிடும். ஒன்று கேட்ட இடத்தில் இரண்டு கேட்கும். அதன்மேல் மதுவும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம்.

அல்பிரசோலம், டயசிபாம், டிரமடால் போன்ற மருந்துகளை விற்கும்போது டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது 2014 மார்ச் முதல் சட்டம். மருந்து அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருக்கும். சீட்டு இல்லாமல் தர மறுக்கும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதே செய்கிறார்.

பல மாதம் பழகிய தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. வலிப்பு வரலாம். டாக்டர் யோசனைப்படி கொஞ்சம் கொஞ்சமாகவே குறைக்க வேண்டும். வெளியே சொல்ல வெட்கப்படுபவர்கள் 14416 என்ற இலவச டெலிபோன் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

சந்திரபாபுவுக்கு ரசிகர்கள் லட்சம் பேர் இருந்தார்கள். கையைப் பிடித்துத் தடுக்க ஓர் ஆள் இல்லை. உங்கள் அறை நண்பருக்கு அந்த ஓர் ஆளாக நீங்கள் இருக்கலாம்.