புகைக்கு விலை வைத்தால் ஆலை மாறுமா?

வில்லியனூர் சுல்தான்பேட்டையில் ஜும்ஆ முடிந்து நிற்கும்போது, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், காசு கட்டினால் எவ்வளவு புகையும் விடலாம் என்று சட்டம் வந்துவிட்டதாமே?" பாகூர் பக்கத்திலும் இதே பேச்சுதான். உண்மை என்னவென்று பார்ப்போம்.

2023 ஜூனில் மத்திய அரசு கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. ஒரு டன் பொருள் தயாரிக்க இவ்வளவு கரியமில வாயுதான் வெளியேறலாம் என்று ஒவ்வொரு ஆலைக்கும் இலக்கு உண்டு. 2025 அக்டோபரில் சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர்-ஆல்கலி ஆகிய 4 துறைகளைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு முதலில் இலக்கு விதிக்கப்பட்டது.

ஓர் உதாரணம். இரண்டு ஆலைகள் ஆளுக்கு 10,000 டன் பொருள் தயாரிக்கின்றன. இலக்கு, டன்னுக்கு 1 டன் வாயு. முதல் ஆலை 0.9 டன்னில் முடித்தால் அதற்கு 1,000 சான்றிதழ் கிடைக்கும். இரண்டாவது 1.1 டன் விட்டால் 1,000 சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வாங்காமல் விட்டால், சந்தையின் சராசரி விலையைப் போல் இரண்டு மடங்கு இழப்பீடு கட்ட வேண்டும்.

சாதாரணச் சட்டத்தில் வரம்புக்குள் வந்த ஆலை அதோடு நின்றுவிடும். இங்கே அதற்கு மேல் குறைப்பதற்கும் காசு உண்டு. ஆகவே, வீணாகப் போகும் சூட்டில் மின்சாரம் எடுப்பது, பழைய கொதிகலனை மாற்றுவது போன்றவை செலவுக் கணக்கிலிருந்து வரவுக் கணக்குக்கு வருகின்றன. நம் காலாப்பட்டில் கெம்ஃபாப் ஆல்கலிஸ் ஆலை 1985லேயே பாதரசம் இல்லாத மெம்பிரேன் முறையில் காஸ்டிக் சோடா தயாரிக்கத் தொடங்கியது. அந்த முறைக்கு மின்சாரமும் குறைவு. தொழில் மேம்பாடு என்பது இதுதான்.

பலன் உண்டா? குஜராத்தின் சூரத்தில் 2019ல் புகைத்தூசிக்கு இப்படி ஒரு சந்தை தொடங்கியது. அங்குள்ள சுமார் 300 ஆலைகளில், பெரும்பாலும் ஜவுளி ஆலைகளில், பாதி சந்தைக்குள் வந்தன. மீதி பழைய விதியிலேயே இருந்தன. சந்தைக்குள் வந்தவற்றில் தூசி 20 முதல் 30 சதவீதம் வரை குறைந்தது. புகைபோக்கியில் பொருத்திய கருவி இடைவிடாமல் அளந்துகொண்டிருந்ததால்தான் இந்தக் கணக்கு சாத்தியமானது.

தோல்வியும் உண்டு. 2012ல் தொடங்கிய 'பாட்' என்ற எரிசக்திச் சேமிப்புத் திட்டத்தின் முதல் சுற்றில் இலக்குகள் எளிதாக இருந்தன. வாங்குவோரைவிடச் சான்றிதழ்கள் மிஞ்சின, விலை சரிந்தது. சான்றிதழ் மலிவாகக் கிடைக்கும்போது எந்த முதலாளி இயந்திரத்தை மாற்றுவார்?

ஆக, இது புகை விட அனுமதிச் சீட்டு அல்ல; இலக்கு தளர்வாக இருந்தால் அப்படி ஆகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. நம் கொம்யூன்களின் சிறு தொழிற்கூடங்கள் இன்று இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஆலைகள் மாறும்போது வேலையும் மாறும். எரிபொருளை அளக்கவும், கருவியைப் படிக்கவும், கணக்கை எழுதவும் தெரிந்தவர் தேவைப்படுவார். ஐடிஐ, பாலிடெக்னிக் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வைப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தச் சந்தை முழுதும் ஓர் அளவுக் கருவியின் மேல் நிற்கிறது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஓதி வளரும் நம் பிள்ளைகள், அந்தக் கருவியின் முன் உட்காரும் நாளில், முதலாளி சொன்னாலும் எண்ணை மாற்றி எழுதாதவர்களாக இருக்க வேண்டும். ஏனெனில் அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் அக்கம்பக்கத்தார்தான்.